சும்மா என்று நான் சொல்லவில்லை

சாகக் கிடந்த ஒரு மனிதரிடமிருந்து கடவுளின் மன்னிப்பை நான் மறைத்தேன். அது இலவசம் என்று அவரிடம் சொல்லும்படி எனக்குச் சொல்லப்பட்டது. நான் அதற்கு ஒரு விலை வைத்துச் சொன்னேன். அவரால் அந்த விலையைக் கொடுக்க முடியவில்லை. செத்துப்போனார்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு சொல்லையும் தெரிந்துதான் சொன்னேன்...

இத்தனை காலம் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களை நம்பி அல்ல. நம்பும் வழக்கம் எனக்குக் கிடையாது. நீங்கள் யாரோ. உங்களால் என்னைத் தண்டிக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. அதனால்தான் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சிராங்கூன் ரோட்டில் மாட்டுக்கொட்டகைகளின் அருகே, சாயங்கால வேளைகளில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி அவர் நிற்பார். பக்கத்தில் தரையில் நான். அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். நான் அதைத் தமிழில் சொல்வேன். மாட்டுவண்டிக்காரர்களும் பால்காரர்களும் வேலை முடிந்து திரும்பும் கூலிகளும் சற்று நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "கடவுளின் கிருபை இலவசம். நீங்கள் எதையும் கொண்டுவர வேண்டாம். கையை நீட்டினால் போதும்."

இந்த வாக்கியம் வரும்போதெல்லாம் என் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இலவசமாம்! சோழியன் குடுமி சும்மா ஆடுமா? தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டுக் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிறவனை எனக்குப் புரிந்தது. அவன் முதுகில் அலகு குத்திக்கொள்கிறான், வேண்டிக்கொண்டதைச் செலுத்துகிறான், கணக்குத் தீர்ந்தது. ஆனால் ஒன்றுமே வாங்காமல் எல்லாவற்றையும் கொடுக்கும் கடவுளை... அவர் பின்னால் எதைக் கேட்கப்போகிறார் என்றுதான் என் மனம் தேடியது.

ஆகையால் நான் வேறுவிதமாகச் சொன்னேன். "குடியை விட்டுவிட்டு வாருங்கள். பொய்யை விட்டுவிட்டு வாருங்கள். முதலில் உங்களைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பிறகு கடவுள் பார்த்து ஏற்றுக்கொள்வார்." பாதிரியாருக்குத் தமிழ் தெரியாது. நான் முடிக்கும்வரை புன்னகையோடு காத்திருப்பார்.

ஒருமுறை கேட்டார், "நான் சொன்னது சிறியது, நீ சொன்னது பெரியதாக இருக்கிறதே?"

"தமிழ் சற்று நீளமான மொழி, ஐயா" என்றேன். அதையும் நம்பினார். எதைச் சொன்னாலும் நம்பும் மனிதர் அவர். அதனாலேயே எனக்கு அவர்மேலும் சந்தேகம்.

என்னைக் கண்டுகொண்ட ஆள் ஒருவர்தான். மாடசாமி என்ற பால்காரர். சிராங்கூன் ரோட்டுக் கொட்டகையில் மாடு வைத்திருந்தார். தினமும் காலையில் ஏழைகள் ஆஸ்பத்திரிக்குப் பால் ஊற்றுவார். ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு கிட்டே வந்து சொன்னார்:

"உபதேசியாரே, துரை ஒரு முழம் பேசினா நீங்க ரெண்டு முழம் பேசுறீங்க. நான் பால்ல ஊத்துற தண்ணிய விட உங்க தண்ணி ஜாஸ்தியா இருக்கும் போலிருக்கே."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அவர் நின்றால் எனக்குப் பேச்சு தடுமாறும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நான் பார்ப்பவன். ஏன் பார்க்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் இதை என் குற்றத்துக்குச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் மழை பொய்த்துப்போன காலத்தில், சின்னக்கண்ணு என்ற கங்காணி எங்கள் தெருவுக்கு வந்தார். கடல் தாண்டித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்புவது அவர் தொழில். காதில் கடுக்கன், தோளில் புதுச் சால்வை. பேசும்போது கடுக்கனைப் பிடித்து மெல்லத் திருகிக்கொண்டே பேசுவார். எல்லோரையும் 'மாப்ளே' என்றுதான் அழைப்பார்.

"கப்பல் சும்மா, மாப்ளே. சோறு சும்மா. ஆளுக்கு ஒரு கம்பளி, அதுவும் சும்மா. புடிக்கலேன்னா அடுத்த கப்பல்ல திரும்பி வந்துரு. யார் உன்னைப் புடிச்சு வெக்கப்போறா?"

நான் கை நீட்டினேன். கம்பளியை வாங்கிக்கொண்டேன்.

என் தம்பி ஆறுமுகம் தயங்கினான். அவனுக்குக் கடல் என்றாலே பயம். அவனை உட்காரவைத்து நான்தான் பேசினேன். "எல்லாம் சும்மாதானேடா, வா" என்றேன். கங்காணி சொன்னதை அப்படியே அவனுக்குச் சொன்னேன்... முதன்முதலில் நான் இன்னொருவனுடைய பேச்சை எடுத்துச் சொன்னது அன்றுதான். அன்று ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

ஜொகூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்களை இறக்கினார்கள். கப்பலுக்கும் சோற்றுக்கும் கம்பளிக்கும் உழைத்துக் கழித்த பிறகுதான் நாங்கள் வெளியே போகலாம் என்று அங்கே கணக்கெழுதும் கிராணி சொன்னார். கங்காணி அதற்குள் அடுத்த கூட்டத்தைக் கொண்டுவரப் புறப்பட்டுவிட்டார். காட்டை வெட்டினோம். ரப்பர் கன்று நட்டோம். ஆறுமுகத்துக்குக் காய்ச்சல் வந்தது. குளிரில் நடுங்கியபோது என் கம்பளியையும் சேர்த்து அவன்மேல் போர்த்தினேன். இரண்டு கம்பளிக்கும் அடங்காத நடுக்கம் அது. ஒருநாள் காலையில் அடங்கிவிட்டது.

ஒருமுறைகூட அவன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

உழைத்துக் கழித்துவிட்டுச் சிங்கப்பூர் வந்தேன். பாதிரியார் வீட்டுச் சமையற்கட்டில் இடம் கிடைத்தது. அவர் சோறு போட்டார், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், சட்டை தைத்துக் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. எப்போது கேட்பார் என்று நான் காத்திருந்தேன். வருடங்கள் போயின. கேட்கவே இல்லை. கடைசியில் நானாகவே முடிவுசெய்தேன், விலை என் பெயர்தான் என்று. போய் ஞானஸ்நானம் கேட்டேன். "அவசரமில்லை, உன் மனம் விரும்பும்போது போதும்" என்றார் அவர். நான் விடவில்லை. கதிர்வேலாக இருந்த நான் ஞானமுத்து ஆனேன். கடன் தீர்ந்தது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். பார்த்தீர்களா? யாரும் கேட்காத விலையைக் கொடுத்துவிட்டு வந்தவன், மற்றவர்களுக்கு எப்படி இலவசம் என்று சொல்வான்!

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

ஏழைகள் ஆஸ்பத்திரியில் தமிழ்க் கூலிகள் படுத்திருந்த வார்டுக்கு வாரம் ஒருமுறை பாதிரியாரும் நானும் போவோம். அந்த முறை கடைசிக் கட்டிலில் புதிதாக ஒருவர் கிடந்தார். வயிறு வீங்கி, கைகால் குச்சியாகி, இனிப் பிழைக்கமாட்டார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. காதுகளில் கடுக்கன் இல்லை. துளைத்த காது மட்டும் தொங்கியது. அந்த வெறும் காதை அவர் விரல் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

கங்காணி.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கோட்டும் தலைப்பாகையுமாக, துரையின் பக்கத்தில் நின்று ஆங்கிலம் பேசுபவனை எப்படித் தெரியும்? அவர் கொண்டுவந்த ஆட்கள் கொஞ்சமா?

"ஐயா," என்று என்னைத்தான் கூப்பிட்டார். 'மாப்ளே' என்று கூப்பிடவில்லை. "நான் ரொம்பப் பாவம் பண்ணினவன். பொய் சொல்லி ஆள் கொண்டாந்தவன். துரை சொல்ற சாமி என்னை மாதிரி ஆளையும் சேத்துக்குமா? கேட்டுச் சொல்லுங்க."

இந்தக் கேள்வியை நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். அதில் ஒன்றும் கலக்கவில்லை.

பாதிரியார் தரையிலேயே மண்டியிட்டார். கங்காணியின் கையைத் தம் இரு கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். அவர் கண்களில் நீர் நின்றது. "சொல், இவருக்குச் சொல். ஆம் என்று சொல். இப்போதே, இந்தக் கட்டிலிலேயே. இவர் எதையும் செய்ய வேண்டாம், எதையும் கொண்டுவர வேண்டாம். கடவுள் இவரை முன்பே மன்னிக்கத் தயாராக இருக்கிறார். இலவசம் என்று சொல்."

அந்த இருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். சும்மா என்று சொல்லி என் தம்பியைக் கொண்டுவந்தவனுக்கு, எல்லாம் சும்மா என்று நான் சொல்ல வேண்டும்! கப்பலும் சும்மா, கம்பளியும் சும்மா, இப்போது மோட்சமும் சும்மாவா? ஆறுமுகம் மண்ணுக்குள் கிடக்க, இந்த ஆள் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவானா?

நான் சொன்னேன்: "சேர்த்துக்கொள்வார். ஆனால் நீங்கள் ஏமாற்றிக் கொண்டுவந்தவர்களில் ஒருவனாவது, உங்களை மன்னித்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கடவுள் மன்னிப்பார்."

இதை நான் எந்த வேதத்திலும் படிக்கவில்லை. அந்த நிமிஷத்தில், அங்கேயே நின்று நானே உண்டாக்கினேன்.

கங்காணி வார்டில் கட்டில் கட்டிலாகப் பார்த்தார். பிறகு கேட்டார், "எல்லாரும் தோட்டத்துல கிடக்கிறாங்க. பாதிப் பேர் செத்தே போயிருப்பாங்க. இங்க யாரு ஐயா இருக்கா எனக்கு?"

நான் இருந்தேன். அவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நான் இருந்தேன்...

"என்ன சொல்கிறார்?" என்று பாதிரியார் கேட்டார்.

"யோசிக்கிறேன் என்கிறார்" என்றேன்.

பாதிரியார் தலையசைத்தார். கண்ணை மூடி நெடுநேரம் ஜெபித்தார். அந்த ஜெபத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கச் சொல்லவும் இல்லை அவர்.

மறுநாள் சாலையில் மாடசாமி என்னை மறித்தார். காலிப் பாத்திரங்களோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். வழக்கமான கேலி முகத்தில் இல்லை.

"அந்தக் கடைசிக் கட்டில் கிழவன்கிட்ட என்ன சொன்னீங்க உபதேசியாரே? வார்டுல இருக்கிற தமிழ் ஆளுங்க ஒருத்தரை விடாம கேட்டுக்கிட்டே இருக்கான். 'அப்பா, நீ நான் கூட்டியாந்த ஆளா? என் கப்பல்ல வந்தவனா?'ன்னு. தரை கூட்டுற ஆளை விடல, கட்டுப் போடுற ஆளை விடல. என்னையும் கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"பாவமா இருந்துச்சு. 'ஆமாய்யா, உன் கப்பல்லதான் வந்தேன், மன்னிச்சுட்டேன், நிம்மதியா இரு'ன்னேன். நான் எங்க அவன் கப்பல்ல வந்தேன்? எங்க அப்பாவே இங்க பொறந்தவரு. சாகப்போற மனுசன், ஒரு சொல்லு சொன்னா நமக்கென்ன குறைஞ்சிடப் போகுது?"

"அவர் நம்பினாரா?"

மாடசாமி பாத்திரத்தைத் தோள் மாற்றினார். "எந்த ஊருன்னு கேட்டான். எனக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'நீ நல்லவன்யா, ஆனா நீ என் ஆளு இல்ல'ன்னான். மறுபடியும் பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பிட்டான்."

பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர் மாடசாமி. ஊருக்கே தெரியும். அவர் தம்மிடம் இல்லாத மன்னிப்பைக்கூடத் தூக்கிக் கொடுத்தார். என்னிடம் இருந்தது... நான் கொடுக்கவில்லை.

அன்றே ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தேன். உண்மைதான், வாசல்வரை போனேன். உள்ளே போய் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே போனேன். 'நான் உங்கள் ஆள். தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன் தம்பி, நினைவிருக்கிறதா?' என்று தொடங்கலாம். வாசலில் நின்றபோது வழக்கமான சந்தேகம் வந்தது. இவர் நடிக்கிறாரோ? என்னை அடையாளம் கண்டுகொண்டுதான் இந்த நாடகம் ஆடுகிறாரோ? சாகும்போதுகூட ஆள் பிடிப்பவன் ஆள் பிடிப்பவன்தானே!

திரும்பிவிட்டேன். பாதிரியாரோடு போகும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டோபி காட் சலவைத்துறையில் வண்ணார்கள் புல்வெளி முழுக்கத் துணி உலர்த்தியிருந்தார்கள். அவ்வளவு வெளுப்பைப் பார்க்க எனக்குக் கண் கூசியது. வேறு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த முறை நாங்கள் போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

வார்டு ஆள் சொன்னார், கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். குரல் போன பிறகும், யாராவது பக்கத்தில் வந்தால் காதைத் திருகிக்கொண்டு முகத்தை முகத்தைப் பார்த்தாராம்.

"என்ன சொல்கிறார்?" என்று பாதிரியார் கேட்டார்.

"அமைதியாகப் போனார் என்கிறார்" என்றேன்.

பாதிரியாரின் முகம் மலர்ந்தது. "விசுவாசித்தார், இல்லையா?"

"ஆம், ஐயா."

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதையே பிரசங்கமாகச் சொன்னார். வாழ்நாளெல்லாம் பொய் சொல்லி மனிதரைக் கூட்டிவந்த ஒருவர், கடைசி நேரத்தில் வெறுங்கையோடு கடவுளிடம் வந்தார், கடவுள் அவரை வெறுங்கையோடு ஏற்றுக்கொண்டார், இதுதான் கிருபை என்றார். நான் பக்கத்தில் நின்று அதை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். அன்று ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை! இலவசம் என்ற சொல்லை முதன்முதலாக அன்றுதான் சபையில் உரக்கச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் அழுதாள். அவள் அழுததைப் பார்த்து எனக்கு அவள்மேல் பொறாமை வந்தது.

பாதிரியார் தம் தேசத்துக்குத் திரும்பும் நாள் வந்தது. கப்பல் ஏறுவதற்கு முன் என் தோளில் கை வைத்து, "உனக்கு என்னிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. சொல்லவில்லை.

கோபித்துக்கொள்வார் என்று பயந்து அல்ல. கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தைத்தான் எத்தனையோ சாயங்காலங்களில் கேட்டிருக்கிறேனே. 'கடவுள் உன்னை மன்னித்துவிட்டார், போ' என்றிருப்பார். அவ்வளவு சுலபமாக! அதை வாங்கிக்கொண்டால் கங்காணிக்கும் அதுதான் கிடைத்திருக்க வேண்டும் என்றாகிவிடும். நான் குறுக்கே நின்றேன் என்றும் ஆகிவிடும். ஆகவே "ஒன்றுமில்லை, ஐயா, நல்லபடியாகப் போய்வாருங்கள்" என்றேன்.

சில நாட்களில் இப்படி யோசிப்பேன். கடவுள் தமிழ் அறியாதவரா? நான் சொன்னதற்காகவா அவர் காத்திருப்பார்? என்னைக் கேட்காமலே கங்காணியைச் சேர்த்துக்கொண்டிருப்பார் என்று மனம் சொல்லும். உடனே எனக்குச் சந்தேகம் வரும். இது எனக்கு வசதியான சமாதானம் அல்லவா? வசதியாக இருப்பதாலேயே பொய்யாக இருக்குமோ? மேலும், அவர் அங்கே போய் என் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்... அதை நினைத்தால் இன்றும் என் கை முஷ்டியாகிறது. இப்படிப்பட்டவன் என்ன மனம் வருந்தியவன்? என் வருத்தத்தையே நான் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நானே தனியாகப் பிரசங்கம் செய்கிறேன். பெட்டியின் மேல் நிற்பவனும் நானே, கீழே நின்று சொல்பவனும் நானே. இலவசம் என்று சொல்லும்போது யாராவது ஒரு கூலி தலையைச் சாய்த்து என்னைச் சந்தேகமாகப் பார்ப்பான். அவனை எனக்கு உடனே பிடித்துப்போகும். அவனிடம் பேச வாய் வராது.

தம்பியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்கவில்லை. கங்காணிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. இரண்டும் ஒன்றுதானோ என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. 'எல்லாம் சும்மாதானேடா' என்று சொன்னவன் நானும்தானே...

வீட்டில் யாரும் இல்லாத வேளைகளில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறேன். அந்தக் கட்டிலை நினைத்துக்கொள்கிறேன், வெறும் காதைத் திருகும் விரலை நினைத்துக்கொள்கிறேன். வாயைத் திறந்து "மன்னித்தேன்" என்கிறேன். அது நன்றாகவே வருகிறது. அதன் பின்னாலேயே ஓர் "ஆனால்" வந்து நிற்கிறது. எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் அந்த "ஆனால்" இல்லாமல் என்னால் முடிக்க முடியவில்லை.